மாநிலம் கடந்தால் செல்லாது

கிளென் வேவர்லி, மெல்பேர்ன்
17 ஆகஸ்ட் 1975

அன்புள்ள ரஞ்சினிக்கு,

யோகா மச்சாள் எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் சுகமென்று எழுதினால் நம்பமாட்டேன். எழுதாமல் விட்டாலும் மனம் கேட்காது. ஆகவே இரண்டு வரியாவது எழுது.

தம்பியின் செத்தவீடு முடிந்து நாங்கள் சிட்னியிலிருந்து வெளிக்கிட்ட அன்று நீ கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "கல்யாணியைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போகட்டோ?" என்று கேட்டேன். "ஓம், கொண்டு போங்கோ" என்றாய். யாரோ குடை இரவல் கேட்டதுபோல இருந்தது உன் குரல். பள்ளிக்கூட விடுமுறை முடியும்வரை என்றுதான் நினைத்தோம். இப்போது அவளை இங்கத்தைய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தாயிற்று. தகப்பனை இழந்த பத்து வயதுப் பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது?

நீ இங்கே வா, ரஞ்சினி. சிட்னியில் உனக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே நான் இருக்கிறேன், தேவராஜா அத்தான் இருக்கிறார், பிள்ளை இருக்கிறாள். போன மாதம் ரெலிபோனில் "லைசென்ஸை மாத்தி எடுத்துப் போட்டு வாறன்" என்றாய். அது என்ன அப்படிப் பெரிய லைசென்ஸ்? கார் லைசென்ஸ் போல விலாசத்தை மாற்றிக் கொடுத்தால் சரிதானே? ஒரு கிழமை வேலைக்கு இவ்வளவு காலமா?

உண்மையைச் சொன்னால், தம்பி உயிரோடு இருந்த காலத்திலேயே எனக்கு உன் வேலை பிடிக்கவில்லை. ஊரார் வீட்டுக் கதவுத் திறப்புகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிற வேலை. அவன் பெருமையாகச் சொல்லித் திரிந்தபடியால் நான் வாய் திறக்கவில்லை.

கல்யாணி நன்றாகச் சாப்பிடுகிறாள். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
யோகா மச்சாள்


ஹோம்புஷ், சிட்னி
31 ஆகஸ்ட் 1975

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். நித்திரையும் வருகிறது.

லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அது கார் லைசென்ஸ் போலில்லை. வீடு, காணி விற்றுக் கொடுக்கிற உரிமை அந்தந்த மாநிலத்தின் சட்டப்படி கொடுப்பது. நியூ சவுத் வேல்ஸ் கொடுத்தது எல்லையில் ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லாது. நான் விக்டோரியாவுக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையான பதில் வந்தது. புதிதாக வருகிறவர் போல விண்ணப்பிக்க வேண்டும். அவர்களின் சட்டத்தில் பரீட்சை எழுத வேண்டும். பொலிசிலிருந்து சான்று வேண்டும். உறவினர் அல்லாத, விக்டோரியாவில் இருக்கிற இரண்டு பேர் நான் நாணயமான ஆள் என்று எழுதித் தரவேண்டும். அதற்குப் பிறகு நேரில் அழைத்து விசாரிப்பார்கள்.

இங்கே நான் அதை எடுத்த கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. முதலில் அஷ்ஃபீல்டில் ஒரு ஏஜன்ற் ஒவ்வீசில் தட்டெழுத்து. பிறகு இரவு வகுப்பு. வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான், சேலை என்றும் நான் ஒருத்திதான். உங்கள் தம்பி கல்யாணியைப் பின் சீற்றில் நித்திரையாக்கிவிட்டு வகுப்பு முடியும்வரை காருக்குள் இருப்பார். "இண்டைக்கு என்ன படிச்சனீ, சொல்லு பாப்பம்" என்று வழியெல்லாம் கேட்பார். வீடு வருவதற்குள் எனக்குப் பாடம் மனனமாகிவிடும். லைசென்ஸ் வந்த அன்று அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். தன்னுடைய எஞ்சினியர் பட்டத்தை அவர் ஒருநாளும் மாட்டியதில்லை.

உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். இப்போது என்னால் செய்யக்கூடிய ஒரே காரியம் இதுதான். காலி வீடுகளைத் திறந்து காட்டுகிறேன். அங்கே வருகிறவர்கள் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதில்லை. தண்ணீர் வேகமாக வருமா என்று கேட்கிறார்கள். வரும் என்கிறேன்.

கல்யாணிக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ரஞ்சினி


கிளென் வேவர்லி
28 செப்டெம்பர் 1975

அன்புள்ள ரஞ்சினிக்கு,

"நீங்கள் சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். எதைச் சொல்ல? நீயே ஒன்றும் எழுதவில்லையே.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உன் காரியத்தைப் பார்த்தேன். பக்கத்துத் தெரு மிசிஸ் கோல்மன், போன டிசெம்பரில் நத்தாருக்கு நீங்கள் வந்தபோது கேக் கொண்டுவந்தாளே, அவள் யோசிக்காமல் எழுதித் தந்தாள். "நல்ல பெண், என் கேக்கை இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டாள்" என்றும் சேர்த்துவிட்டாள். அதை வெட்டச் சொல்லி மறுபடி எழுதுவித்தேன்.

இரண்டாவது ஆளுக்கு டொக்டர் சேஷாத்ரியிடம் போனேன். மெட்ராஸ்காரர், நாங்கள் மருந்துக்குப் போகிறவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்களை நான் பார்த்ததே இல்லையேம்மா. பார்க்காதவங்களுக்கு எப்படி நற்சான்று கொடுக்கறது?"

"டொக்டர், அவ என்ர தம்பியின்ர மனிசி."

"ஆமா, அது சரி. அதனால உங்களைப் பத்தி வேணா எழுதறேன்."

பிறகு அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, "நேர்ல பார்க்கலைன்னா என்ன, போன்ல பேசிப் பாருங்களேன்" என்றாள். அவர் உனக்கு எடுத்துப் பேசியிருப்பார். என்ன பேசினீர்களோ தெரியாது. அடுத்த நாள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டு, வாசலிலேயே நின்று, "ரொம்ப நேர்மையான பொண்ணு. ஆனா யோகாம்மா, அந்தப் பொண்ணைத் தனியா விடாதீங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கடிதமும் இத்துடன் வருகிறது.

இன்னுமொன்று. செவ்வாய்க்கிழமை கல்யாணி பள்ளிக்கூடத்தால் ஓடிவந்து, "அம்மா, எனக்குப் பசிக்குது" என்றாள். என்னைப் பார்த்துத்தான். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முகம் சிவந்து குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன். பதினாறு வருடம் கலியாணமாகி, அந்தச் சொல்லை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. இதை நான் உனக்கு மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

நாள் கடத்தாமல் கெதியாக வா.

யோகா மச்சாள்


ஹோம்புஷ்
19 ஒக்டோபர் 1975

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. நன்றி. டொக்டர் அதிகம் பேசவில்லை. நான் இதுவரை விற்ற வீடுகளைப் பற்றிக் கேட்டார். ஒரு வீட்டின் கூரை ஒழுகும் என்று வாங்க வந்தவரிடம் சொல்லி, விற்பனை குழம்பிய கதையைச் சொன்னேன். பிறகு உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்டார். ஸ்ரேசன் மேடையில் ரெயினுக்கு நின்றவர் அப்படியே விழுந்தார், நெஞ்சு வலி, நாற்பத்தொரு வயது என்றேன். கூரையைச் சொன்ன அதே குரலில் சொல்லியிருக்கிறேன் போல. வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

கல்யாணி உங்களை அம்மா என்று கூப்பிட்டதை வாசித்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏதாவது வரும், கோபம் அல்லது அழுகை, ஏதாவது ஒன்று வரும் என்று. வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் தொடுவது தெரியும், கன்னம் தெரியாது. அப்படி இருக்கிறது.

அன்று பின்னேரம் ஸ்ரத்ஃபீல்டில் ஒரு வீடு விற்றேன்.

விக்டோரியாப் பரீட்சையை இங்கேயிருந்தே எழுதிவிட்டேன். விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை.

ரஞ்சினி


கிளென் வேவர்லி
16 நவம்பர் 1975

ரஞ்சினி,

நீ வந்தாய். வந்துவிட்டுப் போய்விட்டாய்.

டொக்டர் சேஷாத்ரி நேற்று மருந்துக் கடையில் கண்டு கேட்கிறார், "செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ எப்படிப் போச்சாம்? அந்த ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போன் பண்ணி விசாரிச்சாங்களே" என்று. நீ வந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். "நல்லாப் போச்சுதாம் டொக்டர்" என்று பொய் சொன்னேன். உனக்காகச் சொன்ன பொய்.

இரவு ரெயினில் வந்து பகல் முழுக்க மெல்பேர்னில் நின்றிருக்கிறாய். நகரத்திலிருந்து ரெயின் ஏறினால் கடைசி ஸ்ரேசன் எங்களுடையது. தவறவிடவும் வழியில்லை. நீ பெற்ற பிள்ளை இங்கே. கதவைத் தட்டி, ஒரு தேத்தண்ணி குடித்து, அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போக உனக்கு என்ன தடை?

அத்தான் சொல்கிறார், "எழுதாதை, அவவின்ர நிலைமை எங்களுக்கு விளங்காது" என்று. எனக்கு விளங்க வேண்டாம். பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? கடையில் டொக்டர் கேட்டபோது அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள்.

யோகா


ஹோம்புஷ்
23 நவம்பர் 1975

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் எழுதியது சரி. வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விசாரணை காலையில் முடிந்தது. மூன்று ஆண்கள். பரீட்சையில் நல்ல புள்ளி என்றார்கள். சிட்னியில் ஆறு வருடம் வேலை செய்தது தங்களுக்குக் கணக்கில் வராது என்றார்கள். விக்டோரியாவில் லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் ஒரு வருடமாவது வெறும் விற்பனையாளராக வேலை செய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அவர்களில் வயதானவர், "உங்களுக்கு வருத்தமாக இருக்கும்" என்றார். இல்லை என்றேன். அவர் அதை நம்பவில்லை. உண்மையாகவே இல்லை.

பின்னேரம் ரெயின் ஏறி உங்களிடம்தான் வந்தேன். உங்கள் தெருவரைக்கும் வந்தேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் விற்பனைப் பலகை நின்றது. கார் ஒன்றும் நின்றது. என் கால் உங்கள் வாசலுக்குத் திரும்பவில்லை, அந்த வாசலுக்குத் திரும்பியது. அது எனக்குப் பழகிய வாசல்.

டொய்ல் என்று ஒரு ஏஜன்ற். கையில் சின்ன ரேடியோ. அன்றுதான் பிரதமரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். தேசமே கத்திக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீடு வாங்க வந்தவள் என்று என்னை உள்ளே கூட்டிப்போனார்.

"பக்கத்து வீட்டில் இந்தியர்கள்தான். ஆனால் அமைதியான ஆட்கள்" என்றார். சொன்ன பிறகு என்னைப் பார்த்தார்.

"சிலோன் ஆட்கள்" என்றேன்.

"தெரியுமா?"

"கொஞ்சம்."

குசினி யன்னலால் உங்கள் பின்வளவு தெரிந்தது. நீங்கள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றீர்கள். கல்யாணி கிளிப்புகளை வாயில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். அவள் சிரிக்கப்போய் கிளிப்புகள் எல்லாம் புல்லில் விழுந்தன. வளர்ந்திருக்கிறாள். வடிவான பிள்ளை என்று நினைத்தேன். மச்சாள், யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நினைப்பதுபோல நினைத்தேன். அதற்குப் பிறகு என்னால் உங்கள் கதவைத் தட்ட முடியவில்லை. அந்த முகத்தோடு அவளுக்கு முன்னால் எப்படி வந்து நிற்பது? அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

டொய்ல் தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் புதிது என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். நிலத்துப் பலகைக்குக் கீழே ஈரம் இருக்கிறது என்றும் காட்டினேன். பிறகு ஸ்ரேசனுக்கு நடந்தேன்.

யோசித்து ஒன்று எழுதுகிறேன். கல்யாணி உங்களோடேயே இருக்கட்டும். விடுமுறைக்கு என்று இல்லை. உங்களிடம் சிரிக்கிறாள். என்னிடம் அதற்கு ஒன்றும் இல்லை. நான் இங்கேயே வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

ரஞ்சினி


கிளென் வேவர்லி
7 டிசெம்பர் 1975

அன்புள்ள ரஞ்சினிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத என்னால் ஏலவில்லை. ஏனென்று சொல்கிறேன். "உங்களோடேயே இருக்கட்டும்" என்ற வரியை வாசித்தபோது எனக்குச் சந்தோசம் வந்தது. என் தம்பி மனைவி உயிரோடு செத்துக்கொண்டு எழுதுகிறாள், எனக்குச் சந்தோசம் வருகிறது. கல்யாணிக்கு எந்த அறையை நிரந்தரமாகக் கொடுப்பது, திரைச்சீலை என்ன நிறம் என்று வரைக்கும் மனம் போய்விட்டது. அத்தானுக்குச் சொல்லவில்லை. கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

நேற்று கல்யாணி குசினியில் கதிரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல இங்கிலிசில்தான் கேட்டாள், "மாமி, அம்மா பாஸ் பண்ணினால்தான் என்னைப் பார்க்க விடுவினமோ?" என்று.

கடையில் டொக்டர் கேட்டதையும் நான் அத்தானுக்கு விசாரணையைப் பற்றிச் சொன்னதையும் வைத்து அவளுக்கு அது அப்படித்தான் விளங்கியிருக்கிறது. அம்மா வந்தா, யாரோ ஆம்பிளையள் மூன்று பேர் கேள்வி கேட்டினம், அம்மா பெயில், அதால் திருப்பி அனுப்பிவிட்டினம்.

"இல்லையடி பிள்ளை, அது வேற லைசென்ஸ்" என்றேன்.

"அப்ப ஏன் வரேல்லை?"

ரஞ்சினி, நீ எழுதியதை அவளுக்குச் சொல்ல என்னால் முடியாது. அதை வைத்து அவளை எடுத்துக்கொள்ளவும் முடியாது. எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் முடியாது. அவள் என்னிடம் சிரிப்பது உண்மை. ஆனால் அவள் காத்துக்கொண்டு இருப்பது உனக்கு.

முகம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. அந்த முகத்தோடு வா.

யோகா மச்சாள்


ஹோம்புஷ்
4 ஜனவரி 1976

அன்புள்ள மச்சாளுக்கு,

மாதக் கடைசியில் வருகிறேன். அன்று வீடு காட்டிய டொய்லுக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதி, வேலை கேட்டேன். நிலத்துக்குக் கீழே ஈரத்தைக் கண்டுபிடித்த பெண்மணியை மறக்கவில்லை, வந்தால் அதை வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லாமல் இருப்பீர்களா என்று பகிடியாகப் பதில் போட்டார். சொல்வேன் என்று எழுதினேன். பிறகும் வரச்சொன்னார். அவரின் கீழ் விற்பனையாளர் வேலை. ஆறு வருடத்துக்கு முன் தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி.

உங்களுக்குக் கிட்ட, கிளேட்டனில் இரண்டு அறையோடு ஒரு சின்ன இடம் எடுத்திருக்கிறேன். கல்யாணி என்னோடு இருப்பாள். பள்ளிக்கூடம் மாற்றத் தேவையில்லை.

எனக்குள் ஏதோ திரும்பி வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். அவளுடைய கேள்வியை வாசித்தபோதும் ஒன்றும் வரவில்லை. வரும்வரை காத்திருந்தால் அவளுக்குக் கலியாண வயதாகிவிடும். ஒன்றும் உணராமலே வருகிறேன். லைசென்ஸும் இல்லாமல் வருகிறேன்.

ரஞ்சினி


கிளேட்டன், மெல்பேர்ன்
7 மார்ச் 1976

அன்புள்ள மச்சாளுக்கு,

பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது சரியில்லைதான். ஆனால் ரெலிபோன் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அத்தான்தான் எடுக்கிறார். "யோகா படுத்திருக்கிறா" என்கிறார். காலையிலும் படுத்திருக்கிறீர்கள், பின்னேரத்திலும் படுத்திருக்கிறீர்கள். அந்தப் படுக்கை எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ.

கல்யாணியின் பெட்டியை நீங்கள்தான் அடுக்கித் தந்தீர்கள். ஒவ்வொரு உடுப்பும் அழுத்தி மடித்திருந்தது. வாசலுக்கு மட்டும் வரவில்லை. நான் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. அது எப்படி வந்ததென்று உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போன கிழமை கல்யாணியின் காலுக்குச் சப்பாத்து வாங்க நகரத்துக்குக் காரில் போனோம். இந்த ஊரில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடப்பக்கம் போய் நிற்க வேண்டுமாம். என்ன சட்டமோ. நான் சிட்னிக்காரி மாதிரி நடுவில் போய், சரியாக ட்ராம் தண்டவாளத்தில் நின்றுவிட்டேன். பின்னால் ட்ராம் மணி அடிக்கிறது. நாலு பக்கமும் ஹோர்ன். பக்கத்துக் காரிலிருந்து ஒருவன் தலையை நீட்டிக் கத்தினான், "எங்கேயிருந்து வந்தாயோ அங்கேயே திரும்பிப் போ!"

கல்யாணி கண்ணாடியை இறக்கினாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சரிடம் கேட்பதுபோல மரியாதையாக அவனைக் கேட்டாள், "சிட்னிக்கா?"

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு நோகச் சிரித்தேன். எப்படியோ காரைத் திருப்பி ஒரு ஒழுங்கைக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் தம்பியைப் பேர் சொல்லித் திட்டினேன். சிறிதரன், இதைக் கேட்க நீ ஏன் இல்லை, இந்தப் பிள்ளை என்ன கேட்டாள் தெரியுமா, ஏன் இல்லை என்று. அவர் இருந்தபோது நான் அவரைப் பேர் சொன்னதும் இல்லை, நீ என்றதும் இல்லை. கல்யாணி பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பயப்படவில்லை. என் மடியில் தலையை வைத்து அவளும் அழுதாள். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை. நொந்தது, மச்சாள். எல்லா இடமும் நொந்தது.

சப்பாத்து வாங்காமலே வீட்டுக்கு வந்தோம்.

இரவு அவள் கேட்டாள், "மாமிக்கு இந்தக் கதையைச் சொல்லுவமோ? மாமி நல்லாச் சிரிப்பா."

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறோம். நீங்கள் படுத்திருந்தால் பக்கத்தில் வந்து இருப்போம்.

ரஞ்சினி


கிளென் வேவர்லி
10 மார்ச் 1976

அன்புள்ள ரஞ்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான்தான் வாசித்துக் காட்டினார். எனக்கு எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. சிட்னிக்கா என்ற இடத்தில் அவர் சிரித்தார். எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அது சிரிக்கிற இடம் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். அதுவரைக்கும் பொறுக்க என்னால் ஏலாது.

சனிக்கிழமை உனக்கு வீடு காட்டுகிற வேலை இருக்கும். பிள்ளையைக் காலமையே இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ. சப்பாத்து நான் வாங்கிக் கொடுக்கிறேன். வேலை முடிய நீயும் வா. இனி எல்லாச் சனிக்கிழமையும் அப்படியே செய்.

யோகா மச்சாள்